ஃபிளோராவின் தனி அஞ்சல்

ரந்தாவிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு இன்டர்நெட் வந்தது 1998 மார்ச்சில். இனி பேக்ஸ் வேண்டாம், எல்லாம் ஈமெயிலில்தான் என்று கோலாலம்பூர் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ராசாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மெய்யப்பன் தானே காரில் வந்து இறங்கினார். மோடத்தை டெலிபோன் கம்பியில் மாட்டிவிட்டு, ஒரு சிடியையும் இரண்டு பிளாப்பிகளையும் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு. இந்த சிடியில இருக்கிறது ஒரே செட்டு. இன்டர்நெட் பாக்கிறது, மெயில் படிக்கிறது, அட்ரஸ் புக்கு எல்லாம் ஒண்ணா வரும். பிளாப்பியில இருக்கிறது தனித்தனி. பாக்கிறதுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு. எது வேணும்னு சொல்லுங்க."

ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதைப் பெரும்பாலும் தொட்டவள் ஃபிளோரா. பத்து வருடமாக அங்கே சின்ன கிராணி, கணக்கும் கடிதமும் எழுதும் வேலை. சிரம்பானில் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தாள். அவள் யோசிக்காமல் சொன்னாள்.

"தனித்தனியா இருக்கட்டும். இந்த மெஷின்ல மெமரி கம்மி. ஒண்ணு படுத்தா எல்லாம் சேந்து படுத்துரும்."

பெரிய கிராணி ராயப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஓய்வுபெற அவருக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இருந்தது. லண்டனில் நர்சாக இருந்த மகள் பெட்ரிசியாவின் கடிதங்களை இனி கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம் என்று மேனேஜர் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

"எனக்கு இந்த வயசுல ரெண்டு ரெண்டா ஞாபகம் வச்சிக்க முடியாதுலா," என்றார். "ஒரு தடவ அமுக்கினா எல்லாம் வரணும்."

"அதுதான் அங்கிள் பிரச்சினை. ரப்பர் வெல பாக்க வர்றவங்க கீழ இருக்கிற கவர் படத்த அமுக்கினா மெயிலும் தொறந்துக்கும். மெயிலுக்குத் தனியா பாஸ்வேர்ட் இருந்தா நல்லது."

"தனிப் பூட்டு உனக்கு எதுக்கு?" என்று ராயப்பன் சிரித்தார். மெய்யப்பனும் சிரித்தார். மேனேஜர் விசுவநாதன் சிரிக்கவில்லை. அவர் ஃபிளோராவை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, "செட்டையே போடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செட்டு திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கோப்பை மைலோ கலக்கிக் குடித்துவிடலாம். மூன்றாவது வாரம், ஃபிளோரா தலைமை அலுவலகத்துக்கு மாத அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஜன்னலில் ரப்பர் விலைப் பக்கம் பாதியில் நின்றது. அதோடு சேர்ந்து மொத்தச் செட்டும் மூடிக்கொண்டது. முக்கால் மணி நேரம் அடித்த கடிதம் போயே போய்விட்டது. அவள் மெய்யப்பனுக்குப் போன் செய்தாள்.

"பிளாப்பி ரெண்டும் ஒங்ககிட்டதானே இருக்கு?" என்றார் அவர். "சத்தமில்லாம போட்டுக்குங்க. ஒரே மெயில் ரெண்டு எடத்துலயும் வர்ற மாதிரி வச்சிக்கலாம். அவங்க செட்டுல படிப்பாங்க, நீங்க இதுல படிப்பீங்க. யாருக்கும் ஒரு கொறையும் வராது."

அவர் சொல்லச் சொல்ல ஃபிளோரா போட்டுக்கொண்டாள். தன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மெயில் புரோகிராம், அதற்கு ஒரு பாஸ்வேர்ட். வேலை சட்டென்று ஓடியது. சொல்ல வேண்டும், மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

தோட்டத்துக்கு ஒரே முகவரிதான். மேனேஜர் காலை ஏழு மணிக்கு வந்து, செட்டைத் திறந்து, தனக்கு வந்ததை முதலில் படிப்பார். மற்றவர் பார்க்கக்கூடாததை அழித்துவிட்டுப் போவார். அழித்தது செட்டிலேயே குப்பைக் கூடைப் படத்துக்குள் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஃபிளோராவின் புரோகிராமுக்குள்ளும் அதே கடிதம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாது.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தன் புரோகிராமைத் திறந்தபோது, தலைப்பில் 'ரகசியம்' என்று ஆங்கிலத்தில் போட்ட ஒரு கடிதம் முதலில் இருந்தது. திறந்திருக்கக் கூடாது. திறந்தாள். மூன்றாவது டிவிஷன் முழுவதையும் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்க இயக்குநர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எழுபத்திரண்டு குடும்பங்களுக்குச் செப்டம்பரில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அதுவரை தொழிற்சங்கத்துக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது.

அவள் இரண்டு முறை படித்தாள். ஜன்னலுக்கு வெளியே, மூன்றாவது டிவிஷன் பெண்கள் இருவர் கிளினிக் சீட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவர்களோடு வழக்கம்போல இரண்டு வார்த்தை பேசினாள். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கணவன் ஹரோல்ட் அவளைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தான். தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டுகிறவன். அது உலகக் கோப்பை நடந்த மாதம். அவள் ரிஜிஸ்தர்களை அலமாரியில் வைத்துப் பூட்டும்வரை அவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முந்தின இரவு ஆட்டங்களின் கோல் கணக்கைப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு பெனால்டியைப் பற்றியே பேசினான். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சங்கக் கூட்டத்துக்கு ஒன்றுவிடாமல் போகிறவன் அவன். சொன்னால் அன்றைக்கே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். யார் சொன்னார்கள் என்றும் தெரிந்துவிடும். இரண்டு சம்பளத்தில் ஒன்று போய்விடும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், வேலைக்குமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அறிவிப்புப் பலகையில் அந்தக் கடிதம் குத்தியிருந்தது.

ஃபிளோரா எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்தபோது பால் எடுக்க மரம் வெட்ட ஒருவரும் போகவில்லை. களத்தில் கூட்டம் நின்றது. மேனேஜர் அறையில், பலகையிலிருந்து கிழித்து வந்த தாள் மேசைமேல் கிடந்தது. போட்டோஸ்டாட் நகல். மேலும் கீழும் கிழிபட்டிருந்தது.

"இது இந்த ஆபீஸ விட்டு வெளிய போயிருக்கு," என்றார் விசுவநாதன். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. "வந்தது ஒரு கம்ப்யூட்டருக்கு. அதத் தொடறது மூணு பேரு. நான் ஒருத்தன். மிஸ்டர் ராயப்பன், கம்ப்யூட்டர்ல பாருங்க. வேற எங்கயாவது இது இருக்கா?"

ராயப்பன் உட்கார்ந்து தேடினார். அவருக்கு அவ்வளவு தேடத் தெரியும் என்று ஃபிளோராவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்குள், "சார், இங்க ஃபிளோரா பேருல ஒண்ணு இருக்கு," என்றார். "பூட்டியிருக்கு."

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் பாஸ்வேர்டை அடித்தாள். கடிதம் அங்கே இருந்தது. படித்த கடிதத்துக்கு அந்தப் புரோகிராம் போடும் சின்ன டிக் அடையாளம் அதன்மேல் இருந்தது.

"செட்டு அடிக்கடி படுத்துரும் சார். அதனால தனியா..."

"ஒங்க வீட்டுக்காரர் சங்கத்துல இருக்காரு இல்லையா?"

"இருக்காரு. நான் அவருகிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

"மார்ச்லயே நீங்க தனிப் பூட்டு கேட்டீங்க," என்றார் அவர். "திங்கள்கிழமை தலைமை ஆபீசுலருந்து ஆள் வருவாங்க. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க."

அன்று அவள் சீட்டு எழுதினாள், டெலிபோன் எடுத்தாள். தபால் கொண்டுபோகும் சன்னாசி தினமும் மேசையருகே நின்று மழையைப் பற்றி ஏதாவது சொல்வார். அன்று தூரத்திலேயே நின்று பையை நீட்டினார். ராயப்பன் நிமிரவே இல்லை.

பகல் முழுவதும் அவள் மனத்தில் ஓடியது ஒரே கேள்வி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹரோல்ட் எத்தனை நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தான்? அவள் பின்கட்டில் அலமாரி பூட்டிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் இருக்கும். கோல் கணக்குப் பார்த்தவன் கை தவறிக் கவர் படத்தை அமுக்கியிருந்தால்? கை தவறாமலே அமுக்கியிருந்தால்?

அன்று அவன் வீட்டுக்கு வந்தவுடன் கேட்டுவிட்டாள்.

"நீங்க எடுத்தீங்களா?"

"எத?"

"செவ்வாக்கெழமை. கம்ப்யூட்டர்ல இருந்து அந்த லெட்டர."

ஹரோல்ட் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "அது செவ்வாக்கெழமையே வந்திருச்சா?" என்றான். "ஒனக்குத் தெரியுமா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"மூணு நாளா தெரியும். புதன்கெழமை நானு சங்கக் கூட்டத்துக்குப் போறேன், நீ சோறு போட்டு அனுப்புற. கூட்டத்துல போனஸ் பத்திப் பேசிட்டு வர்றேன். நீ ஒண்ணுமே சொல்லல." அவன் எழுந்து போய் முகம் கழுவினான். திரும்பி வந்து, "என்னையே கேக்கிற பாரு, நான் எடுத்தேனான்னு," என்றான். சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

அவன் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, நிச்சயமாகவில்லை. பத்து வருடம் கூட வாழ்ந்தவன் முகத்தில் பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தேடினாள்.

சனிக்கிழமை காலையில் மூன்றாவது டிவிஷனுக்கு நடந்தே போனாள். தோட்டத்துச் சங்கச் செயலாளர் நல்லசாமியின் வீடு லயத்தின் கடைசியில். அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, அந்தத் தாளு ஒங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"யாரு கேக்கச் சொன்னா? மேனேஜரா?"

"நானா கேக்கிறேன். என் மேலதான் பழி விழுந்திருக்கு."

அவர் சைக்கிள் துடைத்த துணியை உதறிப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கெழம காலையில கதவுக்குக் கீழ கெடந்துச்சு, கவர்ல. பேர் இல்ல. நீதான் போட்டேன்னு நெனச்சேன் தங்கச்சி. வீட்டுல எல்லாரும் அதான் சொல்றாங்க. ஒனக்குக் கெடுதல் வந்துரக் கூடாதுன்னு அசலக் குத்தாம, நானே டவுனுக்குப் போயி போட்டோஸ்டாட் எடுத்துப் பலகையில குத்தினேன்."

"அசல் ஒங்ககிட்ட இருக்கா? நான் பாக்கணும்."

கொடுக்கலாமா என்று அவர் கொஞ்சம் தயங்கினார். உள்ளே போய்த் தாளோடு வந்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை. இரண்டு ஓரத்தையும் தானே பிடித்துக்கொண்டு காட்டினார்.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பியவர், பெறுபவர், தேதி எல்லாம் மேலே ஒரு கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் இருந்தன. அது செட்டின் அச்சு. அவளுடைய புரோகிராம் கட்டம் போடாது. டைப்ரைட்டர் எழுத்து மாதிரி வெறுமனே அடித்துத் தள்ளும். தாளின் அடியில், மேனேஜரிடம் இருந்த நகலில் கிழிந்துபோன இடத்தில், பொடி எழுத்தில் அச்சடித்த நாளும் நேரமும் இருந்தன. புதன்கிழமை, பகல் 12:48.

புதன்கிழமை அவள் லீவு. மகளுக்குப் பல் பிடுங்க சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் ஹரோல்ட் பால் லாரியோடு ஃபேக்டரியில் இருந்தான். மேனேஜர் பகல் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்குப் போய்விடுவார். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைவரை ஆபீஸ் சாவி ராயப்பன் கையில். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் பெட்ரிசியாவின் கடிதங்களைப் படிப்பார்.

"என்ன தெரிஞ்சிச்சு?" என்றார் நல்லசாமி.

"ஒண்ணும் தெரியல அண்ணே," என்றாள். "இத பத்திரமா வச்சிக்குங்க. யாருக்கும் குடுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ராயப்பன் தனியாக நின்றபோது அவள் அருகில் போனாள். ஹரோல்டும் மகளும் மோட்டார் பக்கம் போயிருந்தார்கள்.

"அங்கிள், புதன்கெழமை பன்னெண்டே முக்காலுக்கு நீங்க பிரிண்ட் எடுத்தீங்க."

அவர் மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மறுத்தால் சொல்ல வேண்டியதையெல்லாம் இரவில் அடுக்கி வைத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"பெட்ரிசியா எழுதினத ரெண்டு நாள் முன்னால தெரியாம அழிச்சிட்டேன்," என்றார். "கூடைக்குள்ள இருக்கும்னு மெய்யப்பன் சொல்லியிருந்தாரு. அங்க தேடப் போனேன். இது கெடந்துச்சு."

"படிக்காம விட்டிருக்கலாமே."

"எங்கம்மா முப்பத்தொரு வருசம் மூணாவது டிவிசன்ல மரம் வெட்டினாங்க. நான் பொறந்தது அந்த லயத்துலதான். படிச்சு ஆபீசுக்கு வந்தேன், கிராணி வீட்டுல இருக்கேன், அங்க இருக்கிறவங்களுக்கு நான் மேனேஜர் ஆளு. அதெல்லாம் சரிதான். ஆனா படிச்சப்புறம் சும்மா இருக்க முடியல."

இந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. தான் சும்மா இருந்ததை அவர் சொல்லிக்காட்டுவதுபோல் இருந்தது.

"நல்ல காரியம் செஞ்சீங்க. அப்புறம் எதுக்கு என் ஃபோல்டரக் காட்டிக் குடுத்தீங்க?"

"பயம்லா," என்றார் அவர். "அது எங்க இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ ஏன் மறைச்சு வச்சிருக்கேன்னு ரெண்டு மாசமா யோசிச்சிக்கிட்டு இருந்தேன். நீதான் மேனேஜருக்கு என்னப் பத்தி எழுதுறியோன்னு நெனச்சேன். அவரு கேட்டதும் வாய் தானா சொல்லிருச்சு."

"என்னப் போயி அப்படி நெனச்சீங்களா?"

"பூட்டு இருந்துச்சு. வேற என்ன நெனைக்கிறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் அருகே நின்ற ஹரோல்ட் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னால நீங்க மேனேஜர்கிட்ட சொல்லணும் அங்கிள். இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொல்றேன். என் பேரு வெளிய போகாம பாத்துக்க. இன்னும் ஒண்ணரை வருசம் இருக்கு எனக்கு."

அவர் சொல்வார் என்று அவள் நம்பவில்லை. திங்கள்கிழமை ஏழு மணிக்கே போய் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். ராயப்பன் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். மேனேஜர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் நின்று பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து ராயப்பன் வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் தன் மேசைக்குப் போனார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ராயப்பன் ஃபைலுக்குன்னு நெனச்சு அத பிரிண்ட் எடுத்தாராம். மெஷின்லயே மறந்து வச்சிட்டாராம். மத்தியானம் சீட்டுக்கு வந்தவங்க யாரோ எடுத்திருக்கணும்ங்கிறாரு." விசுவநாதன் பேனாவை எடுத்து வைத்தார். "அவரு சொல்றத நான் தலைமை ஆபீசுக்கு எழுதித் தரப் போறேன். நம்புறேனான்னு கேக்காதீங்க."

உண்மையில் பாதி அது. யார் பெயரும் இல்லாத பாதி. ஃபிளோரா அதைத் திருத்தவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க அத வெள்ளிக்கெழமைக்கு முன்னாடியே படிச்சீங்களா?"

"செவ்வாக்கெழமையே படிச்சேன் சார்."

"யாருக்கும் சொல்லல."

"சொல்லல."

"நல்லது," என்றார் அவர்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஃபிளோராவுக்கு அதுவரை கேட்ட எந்த வார்த்தையும் அப்படிச் சுட்டதில்லை. வெள்ளிக்கிழமையின் சந்தேகமே பரவாயில்லை என்று தோன்றியது.

தலைமை ஆபீசிலிருந்து வந்தவர்கள் மேனேஜர் எழுதியதை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே மெய்யப்பன் வந்து செட்டை எடுத்துவிட்டு, பிளாப்பியில் இருந்ததையே எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார். மேனேஜருக்கு ஒரு பெட்டி, ஆபீசுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட். ராயப்பனுக்கும் ஒன்று வைத்துக் கொடுத்தார். முதல் வாரம் அவர் பாஸ்வேர்டை இரண்டு முறை மறந்தார். ஆனால் ஃபிளோராவிடம் கேட்கவில்லை, ராசாவுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார். அவர் அடிக்கும்போது யாராவது பின்னால் போனால் திரையைக் கையால் மறைத்தார். அவளும் மறைத்தாள். விசுவநாதன் தன் பாஸ்வேர்டை வாரம் ஒரு முறை மாற்றினார்.

நேரம் இருக்கும்போதே விஷயம் வெளியே வந்துவிட்டதால் சங்கம் சும்மா இருக்கவில்லை. மூன்று மாதம் பேச்சு நடந்தது. டிவிஷன் விற்றுத்தான் போனது. ஆனால் தோட்டத்தின் ஓரத்தில் எழுபத்திரண்டு குடும்பங்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் லயத்தை இடிக்கலாம் என்று கையெழுத்தானது. 1999 டிசம்பரில் சாவி கொடுத்தார்கள். ராயப்பன் அதற்கு முந்தின மாதம் ஓய்வுபெற்று, பாரோயில் வாங்கியிருந்த வீட்டுக்குப் போய்விட்டார். சாவி கொடுக்கும் நாளுக்கு அழைத்திருந்தார்கள், வரவில்லை.

சாவி கொடுத்த அன்று புதுவீட்டு வரிசைக்கு எதிரே கூடாரம் போட்டிருந்தார்கள். நல்லசாமி ஃபிளோராவிடம் ஒரு தட்டு மீகூன் சேமியாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் இருந்த மூன்றாவது டிவிஷன் மயிலம்மாளிடம், "இந்தப் புள்ள இல்லன்னா இன்னிக்கி நமக்கு வீடு ஏது," என்றார்.

"நான் இல்ல அண்ணே," என்றாள் ஃபிளோரா.

"சரி சரி, நீ இல்ல," என்று அவர் சிரித்தார். மயிலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை. ஃபிளோரா தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹரோல்ட் மோட்டாரை மெதுவாக ஓட்டினான். மகள் நடுவில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

"அவரு ஒன்னையேதான் நெனச்சிக்கிட்டிருக்காரு," என்றான்.

"ம்."

"நீ இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் இல்ல." பாலம் தாண்டியதும் கேட்டான். "யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் ஃபிளோரா.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவன் முகம் தெரியும்படி அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் நம்பினானா இல்லையா என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.